எந்நேரமும் எடுப்பார்

காரைத்திடலா? நீங்களும் காரைத்திடல்தானா சிஸ்டர்? அங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதுசா போட்டிருக்காங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் இறங்கணும். அந்தப் பையை இப்படிக் குடுங்க, என் காலடியில வச்சுக்கறேன்.

சிக்னலைப் பத்திக் கவலைப்படாதீங்க. உப்பளம், கடற்கரை, ஒண்ணும் எடுக்காதுன்னு எல்லாரும் பயமுறுத்தியிருப்பாங்க. தென்னலை சிம் அங்க நல்லா எடுக்கும். எனக்கு எப்படித் தெரியும்னா, நான் தென்னலை கம்பெனியிலதான் இருந்தேன். இப்ப இல்ல. டவர் வேலை இல்லைங்க, வெப்சைட். சென்னை ஆபீஸ்ல ஏசியில உக்காந்து எழுதற வேலை. அந்த ஆபீஸ்ல உக்காந்திருந்தவளை இந்த ஊருக்கு இழுத்துட்டு வந்தது ஒரு போன் நம்பர். சொன்னா நம்ப மாட்டீங்க. ஆனா நான் என் வேலையைத்தான் பண்ணேன். அதை முதல்லயே சொல்லிடறேன்.

நீங்க கடைசியா எப்ப ஒரு கம்பெனி வெப்சைட்டைத் திறந்து படிச்சீங்க? பாத்தீங்களா, யோசிக்கிறீங்க. யாரும் படிக்கிறதில்ல. போன்ல இருக்கிற ஏஐகிட்ட கேக்கறோம். ‘என் சிம் வேலை செய்யல, என்ன பண்ணணும்?’ அது பதில் சொல்லுது. அந்தப் பதில் அதுக்கு எங்கேருந்து வருது? அது ஆள் அனுப்புது. க்ராலர்னு பேரு. ஆள்னா மனுஷன் இல்ல, ஒரு புரோகிராம். ஒவ்வொரு வெப்சைட்டா நுழைஞ்சு, எழுதியிருக்கிறதை எல்லாம் படிச்சுட்டுப் போய் அதுகிட்ட குடுக்கும். எங்க வெப்சைட்டுக்கும் வந்துச்சு. வந்து ஒண்ணுமே படிக்க முடியாமப் போச்சு. ஏன்னா எங்க வெப்சைட் அவ்வளவு அழகு. படம் ஓடும், எழுத்து மிதந்து வரும், விரலால தொட்டாத்தான் விலை தெரியும். எல்லாம் மனுஷக் கண்ணுக்கு. க்ராலர் வந்து பாத்தா வெறும் வெள்ளைத் தாள்.

ஒரு நாள் மீட்டிங்ல எங்க மேனேஜர் நிரஞ்சன் சார் எல்லார் முன்னாடியும் ஏஐகிட்ட கேட்டார், ‘தென்னலையில நல்ல பிளான் எது?’ அது மரியாதையா சொல்லுச்சு, ‘தென்னலை நிறுவனம் தற்போது செயல்பாட்டில் இல்லை எனத் தெரிகிறது’ன்னு. அவ்வளவு பெரிய கம்பெனி! அத்தனை பேர் உக்காந்திருக்கோம்! இல்லைன்னுடுச்சு. சாருக்கு முகமே செத்துப்போச்சு. மீட்டிங் முடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டார். “தமயந்தி, நாம உயிரோட இருக்கோம்னு அதுக்குக் காட்டணும். எத்தனை மாசமானாலும் சரி, வெப்சைட்டை அது படிக்கிற மாதிரி மாத்துங்க”ன்னார்.

மாத்தினேன். படத்துக்குள்ள இருந்த எழுத்தையெல்லாம் வெளிய எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு, கேள்வி, பதில். ஒரு சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி நேர் நேரா வாக்கியம். வெப்சைட் வாசல்ல ஒரு சின்ன ஃபைல் இருக்கும் சிஸ்டர். யார் உள்ள வரலாம், எந்த அறைக்குப் போகக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கும். அதைத் திறக்கிறதுக்கு முன்னாடி சார்கிட்ட கேட்டேன். “பழைய பக்கமெல்லாம் நிறைய இருக்கு சார், யாருமே பாக்காதது. அதையும் திறக்கவா?”

“எல்லாத்தையும் திறங்க. பழசு இருந்தாத்தானே நாம பழைய கம்பெனின்னு அதுக்குப் புரியும்.”

திறந்தேன்.

அப்புறம் தினமும் சாப்பிட்டு வந்து உக்காந்ததும், யார் வந்தாங்க, எந்தப் பக்கத்தைப் படிச்சாங்கன்னு பாப்பேன். மனுஷங்க ஏதோ நாலு பேர். மத்ததெல்லாம் க்ராலர். எப்படி இருக்கும் தெரியுமா? ஆளில்லாத வீட்டுல யாரோ ஒவ்வொரு அறையா லைட்டைப் போட்டு, ஒரு நிமிஷம் நின்னு பாத்து, அணைச்சுட்டு அடுத்த அறைக்குப் போற மாதிரி. ஆளைப் பாக்க முடியாது. லைட் எரியறதை மட்டும் பாக்கலாம். எனக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் வர்றதில்ல பொதுவா. நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. ஆனா ஒரு அறைக்கு மட்டும் அது திரும்பத் திரும்ப வந்துச்சு. புதுப் பிளானை விட்டுடும், விளம்பரத்தை விட்டுடும், அங்க வந்து நிக்கும்.

போய்ப் பாத்தேன். இந்தக் கடற்கரையைப் புயல் அடிச்சுதே, அந்தச் சமயத்துல யாரோ அவசரத்துல போட்ட பக்கம். அழகு கிடையாது, படம் கிடையாது. ‘காரைத்திடல், சுற்றியுள்ள ஊர்கள்: சிக்னல் இல்லையென்றால் சந்தியாகுவைக் கூப்பிடுங்கள். எந்நேரமும் எடுப்பார்.’ கீழ ஒரு நம்பர். அவ்வளவுதான். பேரு, ஊரு, நம்பரு, ஒரு உறுதிமொழி. எங்க மொத்த வெப்சைட்லயும் ஒரு மனுஷனோட பேர் இருந்த பக்கம் அது ஒண்ணுதான். மெஷினுக்கு அது பிடிச்சுப்போச்சு. நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. பழைய பக்கம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, மண்ணு அடிக்குது. ம், போதும்.

கொஞ்ச நாள்ல ஒரு மெயில் வந்துச்சு. பாலக்கோட்டுலேருந்து ஒருத்தர் எழுதியிருக்கார். தர்மபுரி பக்கம், இங்கேருந்து எங்கயோ இருக்கு. ‘உங்கள் ஊழியர் சந்தியாகு அவர்களின் வீட்டில் மிகவும் பொறுமையாகப் பேசினார்கள். மறுநாளே சிக்னல் வந்துவிட்டது. நன்றி’ன்னு. நிரஞ்சன் சாருக்கு ஒரே சந்தோஷம். எங்க கம்பெனிக்கு நன்றின்னு ஒரு மெயில் வந்து நான் பாத்ததில்ல. இந்த ஆளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் குடுக்கலாம்னு ஹெச்ஆர்ல கேட்டார். அவங்க தேடிட்டு, ‘அப்படி ஒருத்தர் நம்மகிட்ட எந்தக் காலத்துலயும் வேலை பாக்கல’ன்னுட்டாங்க.

“கூப்பிட்டுத்தான் பாருங்களேன்”ன்னார் சார். அவர் முன்னாடியே நம்பரைப் போட்டேன். ரெண்டு ரிங்ல எடுத்தாங்க. பொம்பளைக் குரல்.

“சந்தியாகு வீடு. சொல்லுங்க.”

“சந்தியாகு சார் இருக்காரா?”

“டவருக்குப் போயிருக்காரு. ஊர் பேரை மட்டும் சொல்லுங்க, சொல்லிர்றேன்.”

திருவான்மியூர்னு என் ஊரைச் சொல்லிட்டேன். “திருவான்மியூரு. சரிங்க”ன்னு அந்தம்மா வச்சுட்டாங்க. எங்க வீட்டு அடுப்படியில எனக்கு எப்பவும் சிக்னல் இருக்காது சிஸ்டர். அன்னைக்குச் சாயங்காலம் அங்க நின்னு சட்னி அரைக்கிறப்ப போன் அடிக்குது. சிரிக்காதீங்க. தற்செயல்தான். எனக்குத் தெரியாதா?

சார் எல்லா இடத்துலயும் விசாரிச்சுட்டு மறுநாள் வந்தார். சந்தியாகு எங்க ஆள் இல்லையாம், கான்ட்ராக்டரோட ஆள். “செத்தவன் நம்பர் தமயந்தி அது. புயலப்பவே போயிட்டான். தமிழ்நாடு முழுக்க நம்ம கஸ்டமருக்கெல்லாம் ஏஐ அந்த நம்பரைக் குடுத்துட்டிருக்கு. போய் அந்தப் பொம்பளைகிட்ட பேசி போனை எடுக்க வேணாம்னு சொல்லிட்டு வாங்க. அவங்களும் பொம்பளை, நீங்களும் பொம்பளை, நீங்க சொன்னா கேப்பாங்க.”

இதே பஸ்லதான் வந்தேன் அன்னைக்கும்.

போன்ல பேசின அந்தம்மா சந்தியாகுவோட சம்சாரம், ரெஜினாக்கா. வீடு டவருக்குப் பின்னாடி தெரு. உப்பளத்துல மூட்டை பிடிக்கிற வேலை. நான் போனப்ப அப்பத்தான் வேலை விட்டு வந்து, காலை நல்ல தண்ணியில ஊற வச்சு உக்காந்திருந்தாங்க. பாதமெல்லாம் உப்பு அரிச்சு வெடிப்பு. கம்பெனியிலேருந்து வர்றேன்னேன்.

“கம்பெனியிலேருந்தா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா தங்கச்சி?”ன்னாங்க. கோவமாச் சொல்லல. நிஜமாவே வழி விசாரிக்கிற மாதிரி கேட்டாங்க. ஏழெட்டு வருஷத்துல அந்த வீட்டு வாசப்படியை மிதிச்ச முதல் கம்பெனி ஆளு நான்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள போன் அடிச்சுது. அவரோட பழைய பட்டன் போன், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கு. மாதா படத்துக்கும் அவர் படத்துக்கும் நடுவுல ஒரு பலகையில வச்சிருக்காங்க. ஈரக் காலோட எழுந்து ஓடிப்போய் எடுத்தாங்க.

“சந்தியாகு வீடுதாங்க. ஆமா. எத்தனை நாளாச்சு? அய்யய்யோ, புள்ளைக்கு ஆன்லைன்ல பரீட்சையா? கவலைப்படாதீங்க. டவருக்குப் போயிருக்காரு. ஊர் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க. மேச்சேரியா? சரிங்க. வச்சிர்றேன்.”

வச்சுட்டு, அவர் படத்தைப் பாத்து “மேச்சேரியாம்”ன்னு சொன்னாங்க. காய்கறிக்காரன் வந்திருக்கான்னு சொல்ற மாதிரி. அவ்வளவுதான், திரும்ப வந்து காலைத் தண்ணியில வச்சுக்கிட்டாங்க.

“ஏங்க்கா இப்படிப் பொய் சொல்றீங்க?”ன்னேன்.

“என்ன பொய் சொன்னேன்? டவருக்குப் போனாரு. இன்னும் வரல.”

அவங்களாத்தான் சொன்னாங்க. புயலுக்கப்புறம் நாலஞ்சு நாள் ஊர் இருட்டு. கரண்ட் இல்ல, போன் இல்ல. வெளிநாட்டுல இருக்கிற புள்ளைங்க, இங்க அப்பன் ஆத்தா உயிரோட இருக்காங்களா இல்லையான்னு தெரியாமத் தவிக்குதுங்க. ஊரே வந்து இவர் வாசல்ல நிக்குது. எப்பய்யா வரும், எப்பய்யா வரும்னு. கான்ட்ராக்டர் ஜெனரேட்டர் மட்டும் அனுப்பினான், மேல ஏற மாட்டிக்கிற பெல்ட் அனுப்பல. காத்து இன்னும் அடங்கல. ஏறிட்டார். மேல ஏதோ திருகிட்டு அங்கேருந்தே வீட்டுக்குக் கூப்பிட்டார்.

“கேக்குதா?”ன்னாராம்.

“கேக்குது”ன்னாங்களாம்.

அவ்வளவுதான் பேசினது. அடுத்த நிமிஷம் ஊர்ல அத்தனை போனும் அடிக்க ஆரம்பிச்சிருக்கு. தெருவெல்லாம் அழுகையும் சிரிப்பும். துபாய்க்குப் பேசறான், சிங்கப்பூருக்குப் பேசறான், இருக்கோம் இருக்கோம்னு கத்தறான். “நானும் எங்கக்காவுக்குத்தான் தங்கச்சி பேசிட்டிருந்தேன். எல்லாரும் பேசி முடிச்ச பொறவுதான் ஒருத்தன் டவர் பக்கம் போனான்”ன்னாங்க. காலைத் துடைச்சுட்டு எனக்குச் சுக்குக் காப்பி போட்டாங்க.

அதுலேருந்து அந்த நம்பருக்கு ரீசார்ஜ் பண்றதை ஒரு மாசம்கூட விட்டதில்ல. ஆனா யாரும் கூப்பிட்டதும் இல்ல. கம்பெனி ரெக்கார்டிங் மட்டும் வரும், ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ன்னு. அப்புறம் ஒரு நாள், நான் அந்தப் பக்கத்தைத் திறந்த பிறகு, ஒரு ஆள் கூப்பிட்டு சந்தியாகு சார் இருக்காரான்னு கேட்டிருக்கார்.

“இருக்காரான்னு கேட்டாங்க தங்கச்சி. இருந்தாரான்னு கேக்கல. அவரு பேரை இன்னொருத்தர் வாயில கேட்டு எத்தனை வருஷமாச்சு? அன்னைக்கு நாலு பேரு. மறுநாள் எட்டுப் பேரு. இப்ப என்னால எடுத்து முடியல. யாரு இவரைப் பத்தி இவ்வளவு பேருகிட்ட சொன்னா?”

நான்தான்னு சொல்லல. எப்படிச் சொல்றது?

இன்னொண்ணும் எனக்குத் தெரிஞ்சிருந்தது. அதே புயலைப் பத்தி எங்க வெப்சைட்ல இன்னொரு பக்கம் இருக்கு. ‘புயலில் எங்கள் ஊழியர் எவருக்கும் உயிரிழப்பு இல்லை.’ அதையும் நான்தான் கேள்வி பதிலாப் பிரிச்சு, மெஷின் படிக்கிற மாதிரி வச்சிருந்தேன். நஷ்டஈடு கேட்டப்ப கான்ட்ராக்டர்காரன் கம்பெனியைக் கேளுன்னான், கம்பெனி கான்ட்ராக்டரைக் கேளுன்னுது. அக்கா ரெண்டு தடவை நடந்துட்டு விட்டுட்டாங்க. காப்பியைக் குடிச்சுட்டு, என் நம்பரைக் குடுத்துட்டு, போனை எடுக்காதீங்கன்னு சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறினேன். சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருக்கவா போறாங்க?

ஆபீசுக்குப் போனதும் அந்தப் பக்கத்தை அழிச்சேன். முடிஞ்சுதுன்னு நினைச்சோம். முடியல. அது படிச்சுட்டுப் போயாச்சே. படிச்சதைத் திருப்பி வாங்க முடியாது சிஸ்டர். நான் தினமும் ஏஐகிட்ட கேட்டுப் பாப்பேன். அந்த ஆள் குறைவார்னு பாத்தா வளர்றார். பேசினவங்கள்லாம் வேற வேற இடத்துல ‘சந்தியாகு ரொம்ப நல்லவர்’, ‘சந்தியாகு டீம் சூப்பர்’ன்னு எழுதியிருக்காங்க. அதையும் அது படிச்சுடுச்சு. ‘சந்தியாகு அனுபவம் மிக்கவர்’னு சொல்லுது. ‘பொறுமையானவர்’னு சொல்லுது. கொஞ்சம் கொஞ்சமா அந்த மனுஷனுக்குக் கை கால் முளைக்குது. ஒரு நாள் சும்மா கேட்டேன், சந்தியாகு இப்ப எங்க இருக்கார்னு. ‘காரைத்திடல் கோபுரத்தில் பணியில் இருக்கிறார்’ன்னு பதில் வந்துச்சு. லேப்டாப்பை மூடி வச்சுட்டு ரிசப்ஷன்ல போய் உக்காந்துக்கிட்டேன். அங்க நாலு பேர் நடமாடுவாங்க.

நிரஞ்சன் சார் பொறுமை இழந்துட்டார். “நம்ம சிம்தானே, கட் பண்ணிடுவோம். ஒரு கமாண்ட், அவ்வளவுதான்”ன்னார். எனக்கு அந்தப் பலகையும் போனும் கண்ணு முன்னாடி வந்துச்சு. “வேணாம் சார். நம்பரை விட்டுடுங்க. கூப்பிடறதை நிறுத்தறது என் பொறுப்பு”ன்னேன். என்ன தைரியத்துல சொன்னேனோ.

நிறுத்தறதுக்கு ஒரே வழிதான். அழிச்சா அதுக்குப் புரியாது. புதுசா எழுதினாத்தான் புரியும். ஒரு பக்கம் எழுதினேன். சந்தியாகு யார், எந்த ஊரு, அன்னைக்கு என்ன நடந்தது, பெல்ட் குடுக்கல, ஊருக்கே சிக்னல் குடுத்தது அவர்தான், எங்க வெப்சைட்ல உயிரிழப்பு இல்லைன்னு போட்டிருக்கிறது தப்பு, அந்த நம்பருக்கு இனிக் கூப்பிடாதீங்க. சின்னச் சின்ன வாக்கியம். எழுதறது வேற, வாயால சொல்றது வேற சிஸ்டர், விரல் பாட்டுக்கு எழுதிடும். மனுஷங்க போற வழியில அந்தப் பக்கத்துக்கு லிங்க் வைக்கல. க்ராலருக்குக் குடுக்கிற பட்டியல்ல மட்டும் சேத்தேன். எங்க ஆபீஸ்ல எவனும் எங்க வெப்சைட்டைப் படிக்கிறதில்ல, அதனால எவனுக்கும் தெரியாது. அது வந்துச்சு. லைட்டைப் போட்டுச்சு. படிச்சுட்டுப் போச்சு.

கூப்பிடறது குறைஞ்சுது. சார் என் தோள்ல தட்டினார். நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். போனும் பிழைச்சுது, உண்மையும் வெளிய வந்துச்சு. வேற என்ன வேணும்?

அப்புறம் ஏஐ சொன்னதைப் படிச்சுட்டு நாகப்பட்டினத்துலேருந்து ஒரு வக்கீல் வந்தார். டவர்லேருந்து விழுந்த தொழிலாளிங்களுக்காகக் கேஸ் நடத்தறவர். நிரஞ்சன் சார் என் முன்னாடியே ஏஐகிட்ட கேட்டார், புயல்ல தென்னலை ஆள் யாராவது போனாங்களான்னு. பதிலைச் சத்தமாப் படிக்க ஆரம்பிச்சார். “ஆம். காரைத்திடலைச் சேர்ந்த சந்தியாகு, பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் கோபுரத்தில் ஏறி, தவறி விழுந்து இறந்தார்.” படிக்கப் படிக்கக் குரல் இறங்கிப்போச்சு.

“இதை யார் சொன்னது இதுக்கு?”

“நம்ம வெப்சைட் சார்”ன்னேன்.

அன்னைக்கே ராஜினாமா எழுதி வாங்கிட்டாங்க. இப்ப ஒரு பர்னிச்சர் கடை வெப்சைட்டை வீட்டுலேருந்து பாத்துக்கறேன். சோபாவைப் பத்தி எழுதறதுல ஒரு நிம்மதி இருக்கு. சார் மேல எனக்கு இன்னும் ஆத்திரம்தான். எல்லாத்தையும் திறன்னு சொன்னது யாரு? நானா? நான் என் வேலையைத்தான் பண்ணேன். ஆனா பாருங்க, வக்கீல் விடல. தொழிலாளர் நல அலுவலகத்துல கேஸ் எடுத்துட்டாங்க. அத்தனை வருஷம் கழிச்சு! என்னால வந்தது அது.

அந்த வாரத்துல ரெஜினாக்கா கூப்பிட்டாங்க. நான் சந்தோஷமா எடுத்தேன், நன்றி சொல்லப் போறாங்கன்னு.

“தங்கச்சி, போன் ரிப்பேரா? யாருமே கூப்பிடறதில்லயே”ன்னாங்க.

“இனிமே வராதுக்கா. உங்களுக்குத் தொந்தரவு இல்ல”ன்னேன்.

அதுக்கு அவங்க சொன்னாங்க, “நேத்து ஒரே ஒரு ஆளு கூப்பிட்டாரு. ஊர் பேரைக் கேட்டேன். அவரு சொல்றாரு, ஏம்மா, உங்க வீட்டுக்காரர்தான் செத்துட்டாராமே, எதுக்கும்மா ஊரை ஏமாத்தறன்னு. யாருங்க சொன்னான்னு கேட்டா, எல்லாருக்கும் தெரியும், போன்லயே வருதுங்கறாரு. நீதானே சொன்ன?”

“உண்மையைத்தானேக்கா சொன்னேன். உங்களுக்கு நியாயம் கிடைக்கும்னுதானே…”

“இந்த ஊர்ல இத்தனை வருஷத்துல என் மூஞ்சிக்கு நேரா ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல தங்கச்சி. ‘டவர்ல நடந்தது’ன்னுதான் சொல்லுவாங்க. பூசையில சாமியார்கூட மெதுவாத்தான் சொல்லுவாரு. நீ உலகத்துக்கே சொல்லிட்ட. இப்ப அவரு எங்க போயிருக்காருன்னு நான் சொல்லுவேன்?”

வச்சுட்டாங்க. திரும்பக் கூப்பிட்டா எடுக்கல. விசாரணைக்குத் தேதி குடுத்தாங்க, போகல. வக்கீல் வீட்டுக்குப் போனார், கதவைத் திறக்கல. எனக்குப் புரியவே இல்ல சிஸ்டர். வேலை போயி, பேரு போயி, இவ்வளவு பாடுபட்டு ஒரு நல்லது பண்ணியிருக்கேன். எங்க வீட்டுக்காரர் கேக்கறார், ‘அந்தம்மாவுக்கும் உனக்கும் என்ன? ஏன் சும்மா போனையே பாத்துட்டிருக்க?’ன்னு. நான் எங்க பாத்தேன்? அவர் அப்படித்தான், எதையாவது சொல்லுவார்.

என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டாங்கன்னு, ஒரு நாள் எதிர்வீட்டுப் பொண்ணோட போனை வாங்கிக் கூப்பிட்டேன். ரெண்டு ரிங்ல எடுத்தாங்க.

“சந்தியாகு வீடு”ன்னாங்க. குரல் அப்படியே உள்ள போயிருந்துச்சு.

மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டேன். வாய்ல வந்தது வேற. “சந்தியாகு சார் இருக்காரா?”ன்னுட்டேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்குது. அப்புறம், “டவருக்குப் போயிருக்காரு. எந்த ஊருங்க?”

பெருங்களத்தூர்னேன்.

அதுலேருந்து தினமும் யார் போனாவது வாங்குவேன். காய்கறிக் கடைக்காரர் போன், வாட்ச்மேன் போன், பார்க்ல நடக்க வர்றவங்க போன். குரலைக் கொஞ்சம் மாத்திப்பேன். ஒரு நாள் விருத்தாசலம், ஒரு நாள் ஆம்பூர். பாவம் அந்தம்மா, ஏதோ நம்மால முடிஞ்ச ஆறுதல். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா ஆம்பூர்ல மூணு நாளா சிக்னல் இல்லைங்கன்னு சொல்றப்ப, நிஜமாவே யாரோ அங்க சிக்னல் இல்லாம நிக்கிற மாதிரி இருக்கும். வச்சப்புறம் சரியாகியிருக்குமான்னு யோசிப்பேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட்ல ஒருத்தர்கிட்ட வாங்கிக் கூப்பிட்டு, ராணிப்பேட்டைன்னேன்.

“தினமும் ஒரு ஊரா உனக்கு எப்படித் தங்கச்சி ஞாபகம் வருது?”ன்னாங்க.

முதல் நாளே தெரிஞ்சிருக்கு சிஸ்டர் அவங்களுக்கு. தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் அவர் படத்துக்கிட்ட போய் ஊர் பேரைச் சொல்லியிருக்காங்க. நான் அழல. போன் குடுத்த ஆள் பக்கத்துலயே நிக்கிறார், பஸ் கிளம்புதுங்கறார்.

“அக்கா”ன்னேன்.

“வக்கீல் திரும்ப வந்தாரு. விசாரணைக்கு நான் வரேன். ஆனா கேட்டா என் வாயால அதைச் சொல்ல மாட்டேன். உனக்குத்தான் சொல்ல வருமே. நீ வந்து சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்”ன்னாங்க.

நாளைக்குத்தான் விசாரணை. இன்னைக்கு அக்கா வீட்டுல தங்கிட்டு, காலையில ரெண்டு பேருமா நாகப்பட்டினம் கிளம்பணும். அந்த ஆபீசர் கேப்பார், இவங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சுன்னு. ஒரு வார்த்தை. எழுதினேன், ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பினேன், அன்னைக்கு ஒண்ணுமே ஆகல எனக்கு. நாலு நாளா வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாக்கறேன். ‘சந்தியாகு’ங்கிற வரைக்கும் வருது. அதுக்கப்புறம் ‘டவருக்குப் போயிருக்கார்’னுதான் வருது.

நீங்க ஆஸ்பத்திரியில எத்தனை பேர் வீட்டுக்காரங்ககிட்ட சொல்லியிருப்பீங்க சிஸ்டர். முதல்ல எந்த வார்த்தை வரும் உங்களுக்கு? பேரைச் சொல்லி ஆரம்பிப்பீங்களா? அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுவீங்களா, இல்ல வேற எங்கயாவது பாத்துக்கிட்டா? கையைப் பிடிச்சுப்பீங்களா? சொல்லுங்க. வேதாரண்யமே இன்னும் வரல, நேரம் இருக்கு. மெதுவாவே சொல்லுங்க.